முழங்கால் அளவு கடல்

மூதூர் வலயப் பாடசாலைகளில் உயர்தரத்துக்குப் புவியியல் எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் ஒரு பின்னேரம் இறங்குதுறையில் உங்களில் ஐந்தாறு பேரைக் கண்டேன். மடியில் கொப்பி. கொப்பியில் வற்றுப்பெருக்குப் படம்: நடுவில் பூமி, ஓரத்தில் சந்திரன், பூமியின் இரண்டு பக்கமும் தண்ணீர் முட்டைபோல வீங்கி நிற்கிறது. நிறமெல்லாம் தீட்டி வடிவாகத்தான் கீறியிருந்தீர்கள். ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து அதைப் பாடமாக்கினீர்கள். "இப்ப தண்ணி ஏறுதா, வத்துதா?" என்று கேட்டேன். ஆளை ஆள் பார்த்தீர்கள். ஒரு மகள் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏறுது அங்கிள்" என்றாள். சரியான பதில்தான். பக்கத்தில் இருந்த தம்பி சொன்னதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. "ஏறினாலும் வத்தினாலும் இங்க அரை மீற்றர்தானே. அதைப் போய் என்னத்தைப் பாக்கிற?"

அந்த அரை மீற்றரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. இருபத்தேழு வருடம் நில அளவைக் குழுக்களோடு திரிந்தவன். அளவையாளர் கருவிக்குப் பின்னால் நிற்பார். நான் எதிர்ப்பக்கம் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் கையைக் காட்டுகிற பக்கம் நகருவேன். படத்தில் அவருடைய கையெழுத்து இருக்கும். என்னுடைய கால்தடம் மட்டும்தான் காணியில் இருக்கும். ஆகவே படிப்பாளி சொல்வதாக எடுக்க வேண்டாம், கோல் பிடித்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் கணக்கு பிழையில்லை. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கடல் 16 மீற்றர் வரை ஏறி இறங்கும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீற்றர் அளவுக்கு. நம்முடைய கொட்டியாரக்குடாவிலோ பூரணை, அமாவாசையை ஒட்டிய நாட்களிலேயே ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர்தான். அட்டமியை ஒட்டிய நாட்களில் அதில் பாதிகூட இராது. நின்றால் முழங்கால். ஆனால் கடல் நிமிர்ந்து நின்றா ஏறுகிறது? படுத்துக்கொண்டல்லவா வருகிறது. கரை நூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிகிற இடத்தில் அந்த 60 சென்ரிமீற்றர் 60 மீற்றர் நிலத்தை மூடித் திறக்கும். களப்போரத்துச் சேற்றில் சரிவு அதிலும் பாதி. அங்கே 120 மீற்றர். மட்டி பொறுக்குகிற பெண்களுக்கு அது ஒரு நாளைய வயல். தோணிக்காரனுக்கு அது சுக்கானைத் தூக்குவதா, இறங்கித் தள்ளுவதா என்ற கேள்வி.

இந்தப் பட்டியை யாரும் ஒழுங்காகப் படம் கீறவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. காரணம் இருக்கிறது. நில வரைபடத்துக்கு ஒரு பூச்சியம், கடல் வரைபடத்துக்கு வேறொரு பூச்சியம். நாங்கள் உயரங்களைச் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளப்போம். கடல் வரைபடம் கீறுகிறவர்களோ, தண்ணீர் இதற்குக் கீழே அநேகமாக வற்றாது என்ற மட்டத்தைப் பூச்சியமாக வைத்து அதன் கீழே ஆழம் சொல்வார்கள். கப்பல்காரனுக்கு அதுதான் பாதுகாப்பு. படத்தில் ஐந்து மீற்றர் என்றால் ஐந்துக்குக் குறையாது என்று நம்பி வரலாம். நிலப்படம் கரையோடு நின்றுவிடும். கடற்படம் கப்பல் மிதக்கிற இடத்திலிருந்துதான் கவனமாகப் பேசும். நடுவில் நண்டும் இறாலும் கண்டலும் நாமும் இருக்கிற இடம் இரண்டு படத்திலும் கிட்டத்தட்ட வெறும் வெள்ளை.

இந்தக் குடாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆழத்தைத்தான் தேடி வந்தார்கள். 1659 நவம்பரில் பாய்மரத்தைப் புயலில் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் பழுது பார்க்கக் கொட்டியாரத்துக்குள் ஒதுங்கியது. அதிலிருந்து இறங்கிக் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்ட றொபேட் நொக்ஸ் பத்தொன்பது வருடத்துக்கு மேல் உள்நாட்டில் கிடந்து, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடி, 1681இல் இலண்டனில் புத்தகம் போட்டதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அவர் அகப்பட்ட இடமென்று வெள்ளைக்காரன் மரத்தைக் காட்டாத ஆள் மூதூரில் இல்லை. 1782இல் ஒரே வருடத்துக்குள் திருகோணமலை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கை மாறியது. இவர்கள் எவருக்கும் முழங்கால் தண்ணீர் தேவைப்படவில்லை. குடாவின் கிழக்கு முனையில் கலங்கரை விளக்கம் நிற்கிற இடத்துக்கு அவர்கள் வைத்த பெயரே ஃபவுல் பொயின்ட். மாலுமி பாஷையில் ஃபவுல் என்றால் பாறையும் பாரும் நிறைந்த கெட்ட அடி, நங்கூரம் போடாதே, விலகிப் போ. நமக்கு அங்கேதான் மீன்.

என்னுடைய பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த அலுவலகம், எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு ஆவணி மாதம், போயாவுக்கு அடுத்த நாள், கரையோரக் காணி ஒன்றை அளந்தோம். "கடல் எதுவரைக்கும்?" என்று தூரத்திலிருந்து கேட்டார் அளவையாளர். மணல் ஈரமாக மினுங்கிய விளிம்பில் கொண்டுபோய்க் கோலை ஊன்றினேன். உச்சி வெயில், எனக்கு அதைவிட யோசிக்க மனம் இல்லை. அந்த விளிம்பை வைத்துத்தான் எல்லை வந்தது, கல்லும் நட்டோம். மார்கழியில் காணிக்காரர் வந்து வாசலில் நின்றார். கோபப்படக்கூட இல்லை. "தம்பி, ரெண்டு கல்லும் கடலுக்குள்ள நிக்குது. மீனுக்கா எல்லை போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

போய்ப் பார்த்தேன். கல்லின் கழுத்து வரைக்கும் அலை. கடல் காணியை அரித்துத் தின்றுவிடவில்லை, இடமெல்லாம் அப்படியே இருந்தது. நான் கோல் ஊன்றியது வற்றின் அடிமட்டத்தில். அதற்கு மேல் வடகீழ்ப் பருவத்தில் கடலின் சராசரி மட்டமே சாண் அளவுக்குக் கிட்ட உயர்ந்துவிடும். காற்றும் நீரோட்டமும் வங்கக் கடல் தண்ணீரைக் கரையோடு தெற்கே தள்ளிக்கொண்டு வருகிற காலம் அது. தாழமுக்கம் வந்தால் இன்னும் ஏறும், வளியமுக்கம் ஒரு மில்லிபார் குறைய ஒரு சென்ரிமீற்றர் என்ற கணக்கில். அரை மீற்றர் ஏறி இறங்குகிற கடலில் ஒரு சாண் என்பது சில்லறை இல்லை. உங்கள் போன் சொல்வது சந்திரனும் சூரியனும் இழுக்கிற கணக்கை. காற்றும் மழையும் மகாவலி கங்கை வெள்ளமும் அதில் இல்லை.

நமக்கு வாய்த்த ஒரு வசதியை யாரும் கவனிப்பதில்லை. சுவரில் தொங்குகிற ஆங்கிலக் கலண்டரைப் பார்த்துக் கடலை அறிய முடியாது. பதினேழாம் திகதி என்றால் கடலுக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் பஞ்சாங்கத்தில் பூரணை, அட்டமி, அமாவாசை இருக்கிறது. பள்ளிவாசல் கலண்டரில் பிறை இருக்கிறது. பிறை ஒன்றையும் பதினைந்தையும் ஒட்டிப் பெருக்கும் வற்றும் கூட, ஏழையும் இருபத்திரண்டையும் ஒட்டிக் குறைவு. மூதூரில் ஒரு தெருவில் பஞ்சாங்கம், அடுத்த தெருவில் பிறைக் கலண்டர். இரண்டும் கடல் அட்டவணைதான். அதற்கு மேல் அரசாங்கமே மாதம் ஒரு தரம் பூரணைக்கு விடுமுறை தருகிறது. கடல் ஆகக் கூடுதலாக அசைகிற நாட்களை ஒட்டிப் பள்ளிக்கூடமும் பூட்டு. இப்படி ஒரு ஏற்பாடு உலகத்தில் வேறு எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்?

அந்த விடுமுறைகளில் படம் கீறலாம் என்றுதான் கேட்கிறேன். புதிய யோசனை இல்லை. கேம்பிரிட்ஜில் வில்லியம் ஹியூவெல் என்றொரு ஆசிரியர் இருந்தார். 1833இல் அவர் கடல்களின் படத்தில் சில கோடுகள் கீறினார்; ஒரே நேரத்தில் பெருக்கு உச்சம் வருகிற இடங்களையெல்லாம் தொடுக்கிற கோடு. போதிய அளவீடு இல்லை என்று கண்டு 1835 ஜூனில் ஒன்பது நாடுகளின் கரைகளில், ஏறக்குறைய 650 இடங்களில், இரண்டு கிழமை இரவு பகலாகத் தண்ணீர் மட்டத்தைக் குறிக்க வைத்தார். குறித்தவர்கள் பேராசிரியர்கள் அல்ல. கரையோரக் காவலாளிகள், துறைமுகத்து ஆட்கள். என்னைப் போலக் கோல் பிடித்தவர்கள். அவர்களுடைய பெயர் படத்தில் இல்லை. அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

நம்முடைய குடாவில் அந்தக் கோடுகளைக் கீறினால் வேடிக்கையான ஒன்று தெரியும். திறந்த குடாவுக்குள் கீறுவதற்குக் கோடே இராது. மூதூர், சம்பூர், எதிரே திருகோணமலை, எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பெருக்கு. ஏனென்றால் பெருக்கு ஒரு நீண்ட அலை. அதன் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தோடு போகும். குடாவுக்குள் இருந்தே தொடங்கி வெளிக்கடலில் மூவாயிரம் மீற்றரையும் தாண்டி இறங்குகிற கடலடிப் பள்ளத்தாக்கு நம்முடைய வாசலில் கிடக்கிறது. மூவாயிரம் மீற்றர் ஆழத்தில் அந்த அலை மணிக்கு 600 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். (மகாவலி 335 கிலோமீற்றர் தூரம் மண் சுமந்து வந்தும் குடாவைத் தூர்க்க முடியாமல் இருப்பதில் அந்தப் பள்ளத்துக்கும் பங்குண்டு, மண் சறுக்கி அதற்குள் போகிறது.) அதே அலை இரண்டு மீற்றர் ஆழமான களப்புக்குள் நுழைந்தால் மணிக்கு 16 கிலோமீற்றர். ஒடுங்கின வாய், மணல் திட்டு, கண்டல் வேர் எல்லாம் இழுத்துப் பிடிக்க, அதுவும் இல்லை. அறுநூறு கிலோமீற்றரில் வந்தவன் நம்முடைய படலையில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறான்.

ஆகவே சுவாரசியமான படம் உள்ளேதான்: கங்கை முகத்துவாரம், கட்டைபறிச்சான் ஆறு, கிண்ணியாவுக்குள்ளால் திறக்கிற தம்பலகாமக் குடா.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை நான். பாலங்கள் வந்த பிறகு ஒரு நாள் கிண்ணியாவில் அக்காவின் மகனோடு தோணியில் போனேன். அவன் போனைப் பார்த்து, "மாமா, பத்து நாற்பதுக்கு வத்து முடியுது. பத்தே முக்காலுக்கு வெளிக்கிட்டா ஏறுற தண்ணியோட சும்மா உள்ள போகலாம்" என்றான். பத்தே முக்கால் ஆயிற்று. பாலத்தின் தூணைப் பார்த்தேன். சிப்பி ஒட்டிய கறுப்பு வரிக்குக் கீழே தூண் நன்றாக வெளியே தெரிந்தது, அதில் ஈரம் இன்னும் காயவில்லை. தேங்காய்ப் பொச்சு ஒன்றைத் தண்ணீரில் போட்டேன். அது ஒரு கணம் சுழன்றுவிட்டு, கடல் பக்கம் போகத் தொடங்கியது. பதினொன்றுக்கு இன்னொரு பொச்சு. அதுவும் கடலுக்கு. பதினொன்றரைக்கு ஒன்று. அதுவும். அவன் போனைத் தட்டிப் பார்த்தான், பழுதோ என்று. வெளியே கடல் திரும்பிவிட்டது. உள்ளே களப்பின் மட்டம் இன்னும் கடலைவிட உயரமாக இருந்தது, அது வடிந்து முடியாமல் ஓட்டம் எப்படித் திரும்பும்? மட்டம் திரும்புவது ஒரு நேரம், ஓட்டம் திரும்புவது வேறொரு நேரம். பன்னிரண்டரை தாண்டித்தான் ஒரு பொச்சு அசையாமல் நின்றது, பிறகு மெல்ல எங்கள் பக்கம் வந்தது. அதற்குள் தோணி திட்டில் ஏறிவிட்டது. இரண்டு பேரும் சேற்றில் இறங்கித் தள்ளினோம். போன் திருகோணமலைக்குச் சொன்னது சரி. களப்புக்கு அதனிடம் பதில் இல்லை, ஏனென்றால் களப்பில் யாரும் அளந்து அதற்குச் சொல்லவில்லை.

அதை நீங்கள் அளக்கலாம். பெரிய சாமான் ஒன்றும் தேவையில்லை. நாலு மூங்கில், ஒவ்வொன்றும் எட்டடி. ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு, பத்துக்கு ஒரு தடித்த கோடு. ஒன்று மூதூர் இறங்குதுறையில், ஒன்று கங்கைப் பாலத்தடியில், ஒன்று கட்டைபறிச்சானில், ஒன்று கிண்ணியா வாயில். அசையாதபடி கட்ட வேண்டும். கோல் ஒரு விரல் இறங்கினால் நாள் முழுவதும் எழுதியது வீண். காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மட்டத்தை வாசித்து எழுதுங்கள். அலை மேலும் கீழுமாக அடிக்கும். உச்சத்தையும் அடியையும் பார்த்து நடுவை எடுங்கள். அடிதிறந்த பிளாஸ்ரிக் குழாய் ஒன்றைக் கோலோடு சேர்த்துக் கட்டி உள்ளே பார்த்தால் தண்ணீர் அமைதியாக நிற்கும். பக்கத்தில் ஒரு நிரல் விட்டுப் பொச்சு எந்தப் பக்கம் போகிறது என்றும் எழுதுங்கள். பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட இருந்தால்தான் ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் முழுதாக அகப்படும். ஒரு பெருக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பன்னிரண்டு மணித்தியாலம் இருபத்தைந்து நிமிடம்.

பழைய மாலுமிகளின் கைக்கணக்கு ஒன்றையும் சோதித்துப் பாருங்கள். ஏற்றம் ஆறு மணித்தியாலம் என்றால் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. நம்முடைய 60 சென்ரிமீற்றருக்கு 5, 10, 15, 15, 10, 5. இறங்குதுறைக் கோலில் இது ஓரளவுக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். களப்புக் கோலில் ஒத்துவராது. எப்படி ஒத்துவரவில்லை என்பதுதான் உங்களுடைய படம்.

நிலத்தில் தண்ணீரின் விளிம்பைக் குறிக்கக் குச்சிகளை வரிசையாக நட்டு, மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நகர்த்தினால் போதும். இடத்தைப் போனில் குறித்துக்கொள்ளலாம். இரண்டு இடத்தின் உயரத்தை ஒப்பிட மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய் காணும்; நான் பிடித்த பித்தளைப் பூட்டுப் போட்ட கோலைவிடச் சின்னத் தூரத்துக்கு அது மோசமில்லை. ஐரோப்பியர்களின் சென்ரினல்-2 செய்மதிப் படங்களும் இலவசம்: ஐந்து நாளுக்கு ஒரு தரம், ஒரு புள்ளிக்குப் பத்து மீற்றர். ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். அந்தச் செய்மதி எப்போதும் முற்பகலில் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் நம்மைக் கடக்கும். ஒரு ஊரில் பூரணைப் பெருக்கும் எப்போதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வரும். ஆகவே பூரணைப் படங்களை எத்தனை சேர்த்தாலும் கடலின் ஒரே முகம்தான் திரும்பத் திரும்பத் தெரியும். மற்ற முகத்துக்குக் குச்சிதான்.

இதையெல்லாம் முன்பு படம் கீறித் தெரிந்துகொள்ளத் தேவை இருக்கவில்லை. கரைவலைத் தண்டயலோடு இரண்டு வருடம் போனால் தெரிந்துவிடும். மூதூர்க்காரர் வ. அ. இராசரத்தினம் 'தோணி' எழுதிய காலத்தில் ஒரு பையனுக்குக் கடல் அப்படித்தான் கைக்கு வந்தது. நம்முடைய பக்கத்தில் அந்தக் கை அறுந்தது. சம்பூரிலிருந்து 2006இல் போரில் இடம்பெயர்ந்து போனவர்கள் 2015, 2016இல்தான் ஊர் திரும்பினார்கள். போகும்போது எட்டு வயதாக இருந்தவன் திரும்பும்போது பதினெட்டு. நடுவில் அவனுக்குக் கற்றுத்தர வேண்டிய கடல் முட்கம்பிக்குப் பின்னால் இருந்தது. தகப்பன் காட்டித் தர வேண்டிய திட்டை அவன் தோணி முட்டித்தான் கண்டுபிடித்தான். நான் படம் என்று நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில எச்சரிக்கை. கோலும் கொப்பியுமாகக் கரையில் நிற்கிறவனைப் பார்த்தால் சந்தேகப்படுகிற ஊர் இது. கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் அதிபர் மூலம் கடிதம் கொடுத்துவிட்டு இறங்குங்கள். கடற்படை முகாம் பக்கம் வேண்டாம். முகத்துவாரத்தில் ஒருவரும் தண்ணீருக்குள் நடக்கக் கூடாது. வற்று முடிகிற நேரம் மணல் திட்டு "வா, வா" என்று கூப்பிடும், பக்கத்தில் கங்கை ஆள் உயரத்துக்கு ஓடும். முதலையும் உண்டு. தோணியில் ஏறினால் மிதப்பு அங்கி போட வேண்டும், "சின்னத் தூரம்தானே" என்று எவரும் சொல்லக் கூடாது. 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் இறந்ததும் சின்னத் தூரத்தில்தான்.

இன்னொன்றும் கேட்பீர்கள், அன்று அந்த மகள் கேட்க வாயெடுத்து விட்டுவிட்டாள்: இதெல்லாம் சுனாமிக்கு உதவுமா? உதவாது. சுனாமி வற்றுப்பெருக்கு இல்லை. 2004 டிசம்பர் 26 பூரணையாக இருந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் எங்கள் கரையில் எந்தக் கல் வரைக்கும் வற்றும் என்று கணக்கு வைத்திருப்பவன், அந்தக் கல்லுக்கு அப்பால் கடலடி தெரிந்தால் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான்.

வருகிற போயாவுக்கு நான் விடிய ஐந்தரைக்கு இறங்குதுறையில் நிற்பேன். மூங்கில் நாலும் வெட்டிக் காயவிட்டிருக்கிறேன். கோடு போட வெள்ளை எனாமல் அரை டின் வீட்டில் இருக்கிறது. பத்துச் சென்ரிமீற்றர்க் கோட்டுக்குச் சிவப்பு வேண்டும், அதை நீங்கள் யாராவது கொண்டுவாருங்கள். அரை மீற்றர் என்று சொன்ன தம்பிக்குக் கங்கைப் பாலத்துக் கோல்.

இப்படிக்கு,
கோல் பிடித்தவன்
மூதூர்